ஒரு குவளை இலைக்கு எத்தனை கிராம்

என் தம்பி பெண்டாட்டியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குட்டை விரல்கள், அகலமான உள்ளங்கை, எப்போது தொட்டாலும் ஜில்லென்று இருக்கும். இருபத்தைந்து வருஷமாகத் தண்ணீரில் இலை அலசுகிற கை வேறு எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஈரத்துணி தேட மாட்டோம். "அவளக் கூப்பிடு, நெத்தில ஒரு நிமிஷம் கைய வைக்கட்டும்" என்போம்.

அவள் எங்களுக்கு அசலும் இல்லை. என் அம்மாவின் பெரியப்பாவுக்கு மூன்று மகன்கள். மூத்தவர் கப்பல் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். கடைசியவர் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர். நடுவில் பிறந்தவர் தையல்காரர். அந்தத் தையல்காரரின் இரண்டாவது மகள் இவள். "அப்பன் துணிய அளந்தான், மக இலைய அளக்குறா, அந்த வீட்டு ரத்தமே அளவு" என்று என் அம்மா பெருமையாகச் சொல்வாள். ஆனால் அந்தத் தையல்காரர் தைத்த சட்டை ஒன்றுகூட என் அப்பாவுக்குச் சரியாக இருந்ததில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அவள் வேலை பார்ப்பது டயர் செய்கிற ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில். மதியம் நானூறு பேர் சாப்பிடுவார்கள். ரொட்டிக்கு ஒரு மேசை, சூப்புக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, கடைசியில் ஜன்னலோரமாக இலை மேசை. இலை மேசைதான் இவளுடையது. அங்கே வருவதில் முக்கியமானது லெட்டூஸ். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: முட்டைக்கோஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள், அக்கா இறுக்கம், தங்கை தளர்ச்சி. அதை மூன்று தண்ணீரில் அலசி, துளை போட்ட டிரம்மில் கொட்டி, பிடியைச் சுற்றி ஈரத்தை விரட்டி, கத்தி படாமல் கையாலேயே இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். கத்தி பட்டால் ஓரம் சிவந்துபோகும். சாப்பாட்டு நேரத்தில் பெரிய தொட்டியிலிருந்து ஒரு குவளை அள்ளித் தட்டில் கவிழ்த்து, எலுமிச்சையும் உப்பும் எண்ணெயும் தெளித்துக் கொடுப்பாள். தட்டுக்கு ஒரு குவளை. அதனால் கேன்டீனில் அவளுக்குப் பெயரே குவளையக்கா.

அந்தக் குவளையை அவள் சேர்ந்த முதல் நாளில் மாஸ்டர் கொடுத்தார். மாஸ்டர் என்றால் தலைமைச் சமையல்காரர். பால் மேசையில் மூன்று குவளை இருந்தது, ஒன்றை எடுத்து இவளிடம் நீட்டி, "இதால அள்ளிப் போடும்மா" என்றார். அடியில் இருநூற்று நாற்பது என்று எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை அவள் பத்தொன்பது வருஷமாகக் கழுவினாளே தவிர, எதற்கு இருக்கிறது என்று கேட்டதில்லை. வம்பு அதில்தான் ஒளிந்திருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வம்பு வெடித்தபோது நான் தம்பி வீட்டில் இருந்தேன். முட்டி ஆபரேஷன் ஆகி, நடமாட்டம் கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவில்தான். கேன்டீன் கதையெல்லாம் எனக்கு இரண்டு வழியாக வரும். இவள் வாயிலிருந்து பாதி. மீதி, இலை மேசையில் இவளோடு நிற்கிறவளிடமிருந்து. அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். ஏன் என்று விளக்க வேண்டாம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பு. வேலை முடிந்து போகும் வழியில் என் கட்டிலில் உட்கார்ந்து அன்றைய செய்தியை வாசித்துவிட்டுத்தான் போவாள்.

ஒரு நாள் ரேடியோ சொன்ன செய்தி: "பாட்டிம்மா, புதுசா ஒரு மேற்பார்வை மேடம் வந்திருக்காங்க. எத எடுத்தாலும் கிராம். உப்பு எத்தன கிராம், ரொட்டி எத்தன கிராம். என்னயவே ஏற இறங்கப் பாத்தாங்க, எடை போடுறாங்களோன்னு பயந்துட்டேன்."

"என்னைப் பாட்டின்னா இந்த வீட்டுக் காபி இனிமே உனக்குக் கிடையாது" என்றேன்.

"சரி, பெரியம்மா."

அந்த மேடத்துக்கு இரண்டே நாளில் கிராம் மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. குறை சொல்கிற மாதிரி ஆள் இல்லை. சின்ன வயது, நேர்மை, நெற்றியில் சுருக்கம். ஒரு நீளக் காகிதத்தை மேசை மேசையாக அனுப்பினார்: ஒருவருக்குக் கொடுக்கும் அளவு எத்தனை கிராம், எழுதுங்கள். பால் மேசைக்காரர் குவளையைத் திருப்பிப் பார்த்து இருநூற்று நாற்பது என்று எழுதினார். அது மில்லி லிட்டர், ஆனாலும் பாலுக்குக் கிராமும் ஏறக்குறைய அதேதான், பெரிய பிசகில்லை. சூப் மேசைக்காரர் அதைப் பார்த்து அதையே எழுதினார். காகிதம் இலை மேசைக்கு வந்தபோது இவள் கையில் ஈரம்.

"நீயே எழுதிடு" என்றாள் ரேடியோவிடம்.

"என்னன்னு எழுத?"

"குவளையத் திருப்பிப் பாரு. எல்லாம் ஒரே குவளைதான்."

ரேடியோ இருநூற்று நாற்பது கிராம் என்று எழுதினாள். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். கிராம் மேடம் அதை நானூறால் பெருக்கி இலைக்காரருக்கு அனுப்பினார். இலைக்காரர் "சரியாத்தான் எழுதியிருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்டாராம். "சரிதான்" என்று பதில் போயிற்று. இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, இலை என்ன தண்ணீரா என்று. இலையைப் பத்தொன்பது வருஷம் தூக்கியவளுக்கே தோன்றவில்லையே.

திங்கட்கிழமை காலையில் வண்டி வந்தது. வழக்கமாக வருவது நாலு கிலோ பெட்டி நாலு. அன்றைக்கு இறக்கினார்கள், இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே இருந்தார்கள். இருபத்து நாலு பெட்டி. குளிர் அறை நிரம்பி, அதன் வாசல் நிரம்பி, தட்டு அடுக்குகிற இடம் நிரம்பி, கடைசி மூன்று பெட்டி மாஸ்டரின் நாற்காலி மேல் உட்கார்ந்தது. மாஸ்டர் நின்றுகொண்டே, "யாரும்மா இது, தொழிற்சாலைய மூடிட்டு ஆட்டுப்பண்ணை வைக்கப் போறோமா?" என்று கேட்டார்.

இவள் காகிதத்தைப் பார்த்தாள். குவளையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது என்று ரேடியோ சொன்னாள். ஓடி ஒளியாமல் நேராகக் கிராம் மேடத்திடம் போய், "தப்பு என்னுது மேடம். குவளையோட அளவச் சொல்லிட்டேன். இலையோட எடைய யாரும் கேக்கல, நானும் நினைக்கல" என்றிருக்கிறாள்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இவள் பிறகு சொன்னாள். மெதுவாகச் சொன்னாராம்: "இதுக்குத்தான் பாக்கெட் இலை வாங்கணும்னு மேல சொல்றாங்க. வெட்டி, கழுவி, எடை போட்டு வரும். தட்டுக்கு ஒரு பாக்கெட். இந்த மேசையே தேவைப்படாது."

"அப்ப நான்?"

"ஊருக்கு அந்தப் பக்கம் நம்ம இன்னொரு ஆலை இருக்கே, அங்க பாத்திரம் கழுவுற இடத்துல ஆள் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு எண் கொடுங்க. ஒரு தட்டு இலைக்கு எத்தன கிராம். இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு ஆகாத எண். குடுத்தீங்கன்னா மேசை இருக்கட்டும்னு எழுதுறேன்."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது கூடவே இரண்டு பெட்டி லெட்டூஸும் மாஸ்டரின் மசாலாத் தராசும் வந்தன. மீந்த இலையைக் கேன்டீனில் எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டார்கள். பெட்டியை இறக்கிவிட்டு முகம் கழுவப் போனாள். சோப்பு போடும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. பாத்திரம் கழுவுவது கேவலம் என்று நினைக்கிறவள் இல்லை அவள். ஆனால் ஈரம் உதறிய இலையைக் கையில் எடுத்தால் அவள் முகத்தில் ஒரு தெளிவு வருமே, அதை நான் பார்த்திருக்கிறேன். அது போய்விடும். அதுதான் எனக்கு உறுத்தியது.

என் தம்பி நகரப் பேருந்து ஓட்டுகிறவன். வந்ததும் பெட்டிகளைப் பார்த்தான்.

"என்னக்கா இது?"

"உனக்கு ராத்திரிச் சாப்பாடு."

"நாளைக்கு?"

"நாளைக்கும் அதேதான். புதன்கிழமையும்."

"நான் என்ன பஸ் ஓட்டுறேனா, ஏர் இழுக்குறேனா?" என்றான். பெண்டாட்டி சிரிக்காததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவன் அந்த விஷயத்தில் கெட்டிக்காரன். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். வேலையே அதுதானே.

செவ்வாய் மாலை சமையலறை மேசையில் தராசை வைத்தாள். நான் முட்டிக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். இலையை அலசி, சலவைத் துணியில் கட்டிச் சுழற்றி, கிழித்துத் தயாராக வைத்திருந்தாள். குவளையை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடி?"

"யாருக்குன்னு தெரியாம அள்ள வரல அண்ணி."

"நல்ல கதை. எனக்குன்னு வச்சுக்க."

அள்ளினாள். தராசு இருபத்திரண்டு காட்டியது. "சரி, இப்ப உன் புருஷனுக்கு" என்றேன். ஐம்பத்தொன்று. ரேடியோவுக்கு என்று ஒன்று: முப்பத்து நாலு. மாஸ்டருக்கு என்று ஒன்று: நாற்பது. அதே குவளை, அதே இலை, அதே கை. கண்ணால் பார்த்தால் நாலும் ஒரே மாதிரி நிறைந்த குவளைதான்.

"தராசு கெட்டுருச்சா?" என்று தட்டிப் பார்த்தாள். ஒரு பால் பாக்கெட்டை வைத்தோம். அதற்குச் சரியாகத்தான் காட்டியது. பிறகு அவசரத்தில், அலசிய தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு குவளை அள்ளி வைத்தாள். ரேடியோவுக்கு முப்பத்து நாலு வந்த இடத்தில் இப்போது நாற்பத்தெட்டு. அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இலை என்னைய ஏமாத்துது அண்ணி. பாத்திரம்தான் கழுவணும் போலிருக்கு."

தம்பி வந்து, "நான் ஒரு தடவ" என்று குவளையை வாங்கினான். இலையைப் போட்டான், கட்டைவிரலால் அமுக்கினான், இன்னும் போட்டான், உள்ளங்கையால் ஒரு குத்து. எழுபத்தெட்டு.

"அமுக்குனா எப்படிங்க!" என்றாள்.

"ஏன்? காலைல எட்டு மணி பஸ்ல இப்படித்தான் ஏத்துறேன். எண்பது பேரு. அதே பஸ்ல மத்தியானம் மூணு மணிக்குப் பன்னெண்டு பேரு, கால நீட்டித் தூங்கிட்டு வருவாங்க. பஸ் பெருசாவும் ஆகல, சின்னதாவும் ஆகல. உன் மேடம் 'பஸ்ஸுல எத்தன பேரு'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எத்தன மணி பஸ்ஸுன்னு திருப்பிக் கேப்பேன்."

அவள் அவனையே பார்த்தாள். "அப்ப குவளைக்கு எடை கிடையாது" என்றாள் மெதுவாக. "எப்படி ஏத்துறோம்னு முதல்ல முடிவு பண்ணணும். அதுக்கப்புறம்தான் எடை."

"அதத்தான் இவ்வளவு நேரமா இங்கிலீஷ்லயா சொன்னேன்?"

அன்றைக்கு அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக முடிவு செய்தாள். ஈரம் முழுவதும் உதறிய இலையாக இருக்க வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்திருக்க வேண்டும். குவளை விளிம்புக்கு ஒரு சாண் மேலே கையை வைத்து, தானாக விழ விட வேண்டும். அமுக்கக் கூடாது, குவளையைத் தட்டவும் கூடாது. கரண்டிக் காம்பால் மேலே ஒரு வழி வழித்துவிட வேண்டும். கடைசியாக ஒன்று சேர்த்தாள்: கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். "கண்ணு திறந்திருந்தா யாராவது ஞாபகம் வந்துடுறாங்க அண்ணி."

ஒரு குவளையை மட்டும் நிறுத்தால் ஒன்றிரண்டு முன்பின் ஆகிறது என்று பத்துக் குவளையைச் சேர்த்து நிறுத்தோம். முந்நூற்று ஐம்பத்திரண்டு. மறுபடி பத்து: முந்நூற்று நாற்பத்தேழு. மறுபடி: முந்நூற்று ஐம்பது. ஒரு குவளைக்கு முப்பத்தைந்து. மறுநாள் புதன்கிழமை மற்ற இலைகளையும் கொண்டுவந்து அதே மாதிரி செய்தாள். சின்ன பாலக் இலை முப்பது. கடித்தால் கடுகு மாதிரிக் காரம் ஏறும் ஒரு மெல்லிய இலை உண்டு, அது வெறும் இருபது. நறுக்கிய முட்டைக்கோஸ் எழுபது. நான்தான் சொன்னேனே, அக்கா இறுக்கம் என்று. தம்பி, எத்தனை நடை ஓட்டினான் என்று குறிக்கிற தன் பேருந்து நடைச்சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தான்.

வியாழக்கிழமை காலை மேடம் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். ரேடியோவைக் கூப்பிட்டு, அதில் எழுதியிருந்தபடி கண்ணை மூடி அள்ளச் சொன்னார். முப்பத்தாறு. தானே அள்ளினார், தெரியாமல் லேசாக அமுக்கிவிட்டார், நாற்பத்தொன்பது. "அமுக்கிட்டீங்க மேடம்" என்றாள் இவள். மறுபடி அள்ளினார். முப்பத்து நாலு. மேடத்தின் நெற்றிச் சுருக்கம் ஒன்று குறைந்ததாக ரேடியோ சாட்சி.

"நல்லது. முப்பத்தஞ்சு. சாப்பாட்டு நேரத்துலயும் ஒரு தடவ பாத்துடுவோம்" என்று தராசைத் தட்டு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு மேடம் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

இதை இவள் எதிர்பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தது. முதலில் வந்தவர் சுமை ஏற்றுகிறவர், மலை மாதிரி ஆள். இவள் அள்ளிப் போட்டாள். தராசு ஐம்பத்தெட்டு. அடுத்தவர் கணக்கு அறைக்காரர். இருபத்தொன்று. மூன்றாவது ஆளுக்கு முப்பத்தைந்து. நாலாவது ஆளுக்கு நாற்பத்து நாலு.

மேடம் கையை நீட்டி வரிசையை நிறுத்தினார். "இது என்ன? காலைல கொடுத்த எண் என்ன, இப்ப போடுறது என்ன?"

இவள் குவளையைக் கீழே வைத்தாள். "அவருக்கு அவ்வளவு வேணும் மேடம்."

"அவர் கேட்டாரா?"

"கேக்க மாட்டார்."

"அந்தக் கணக்கு ரூம்காரருக்கு ஏன் பாதி?"

"அவர் பாதிய எச்சில் தொட்டில கொட்டிடுவார். கொட்டுறதுக்குக் கொடுப்பானேன்னு..."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தட்டு திரும்பி வருமில்ல மேடம். அதப் பாத்துட்டுத்தான்." சொல்லும்போதுதான் அவளுக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். பத்தொன்பது வருஷமாக எல்லோருக்கும் ஒரு குவளை என்றே அவள் நம்பியிருந்தாள். கை மட்டும் தன் பாட்டுக்கு ஒருவருக்கு அமுக்கியும் இன்னொருவருக்குத் தளர்த்தியும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல்: "அங்க என்ன, எங்களுக்குப் பெண் பாக்குறீங்களா? பசிக்குதுங்க!"

மேடம் தராசை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு எல்லாருக்கும் முப்பத்தஞ்சு. ஒவ்வொரு தட்டும் தராசுல வச்சுக் கொடுங்க. முடியலன்னா பாக்கெட்தான்." போகும்போது மட்டும் மாஸ்டரிடம், "இன்னைக்கு எச்சில் தொட்டில எவ்வளவு இலை விழுதுன்னு நிறுத்து வைங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நூறு வயசு.

வியாழக்கிழமை நாலு பெட்டி வந்தது, நாலும் தீர்ந்தது. எச்சில் தொட்டியில் விழுந்த இலை முக்கால் கிலோ.

வெள்ளிக்கிழமை நடந்ததை ரேடியோ என் கட்டிலில் உட்கார்ந்து நடித்தே காட்டினாள். இவள் கண்ணை மூடுகிறாள், அள்ளுகிறாள், வழிக்கிறாள், தராசில் வைக்கிறாள், ஒரு இலையை எடுக்கிறாள், அரை இலையைப் போடுகிறாள். வரிசை கதவைத் தாண்டி, சைக்கிள் நிற்கிற இடத்தைத் தாண்டிப் போயிற்று. சுமை ஏற்றுகிறவர் தட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என்னக்கா, என் மேல எதாவது கோவமா?"

"இல்லண்ணே. அளவு மாறியிருக்கு."

"நேத்து சாயங்காலம் கேட்டுல உங்களப் பாக்காத மாதிரி போனதுக்கா? சத்தியமா கவனிக்கலக்கா."

அவள் அடுத்த தட்டை வாங்கினாள். கணக்கு அறைக்காரருக்கு வேறு குழப்பம். "இன்னைக்கு என்ன விசேஷம்? இவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டவர், வழக்கப்படி பாதியைச் சாப்பிட்டு மீதியைக் கொட்டினார். சங்கு ஊதியபோது வரிசையில் இன்னும் நாற்பது பேர் இலை இல்லாமல் நின்றார்கள்.

மாஸ்டர் தொட்டியை நிறுத்தார். நாலு கிலோ இருநூறு. மேடம் நம்பாமல் தானே ஒரு தடவை நிறுத்தார். அதே நாலு கிலோ இருநூறுதான். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் அல்லவா, அங்கேயே ஓரமாக நின்று யோசித்தார். எல்லோருக்கும் ஒரே அளவு போட்டால் நாலு கிலோ குப்பை, நாற்பது பேருக்கு இலை இல்லை. இவள் கைக்கு விட்டால் முக்கால் கிலோ. மொத்தத்தில் வாங்குவது இரண்டு நாளும் அதே நாலு பெட்டி. தண்டும் வாடல் இலையும் கழித்து, நானூறு தட்டுக்கும் சேர்த்துப் பங்கு போட்டால் அந்தக் கையும் முப்பத்தைந்தில்தான் வந்து நிற்கிறது.

இவள் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்து தடவை துடைத்த இடத்தையே துடைத்ததாக ரேடியோ சொன்னாள். மேடம் வந்து தம்பி எழுதிய நடைச்சீட்டை எடுத்து, சுவரில் ஒட்டினார். அதன் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தார். ரேடியோ அதை மனப்பாடமாகச் சொன்னாள்: 'வாங்குவதற்கு, தட்டுக்கு முப்பத்தைந்து கிராம். போடுவதற்கு, குவளையக்கா.'

"மேசை இருக்கட்டும்னு எழுதிட்டேன்" என்றார்.

இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் துணி இருந்தும் முழங்கையால்தான் துடைத்தாளாம். மாஸ்டர், "அழுது டிரம்ம உப்பாக்கிடாத, நாளைக்கும் இலை அதுலதான் சுத்தணும்" என்றார்.

போகத் திரும்பிய மேடம் நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "எனக்குன்னா எத்தன கிராம் போடுவீங்க?"

"தெரியாதே மேடம்."

"ஏன்?"

"நீங்க டப்பால கொண்டுவந்து ரூம்லயே சாப்பிடுறீங்க. உங்க தட்ட நான் பாத்ததே இல்லயே. ஒரு வாரம் இங்க வந்து சாப்பிடுங்க, சொல்றேன்."

மேடம் வந்தார். முதல் நாள் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியோ பேசியதில் சாப்பிடவே மறந்துவிட்டாராம். மறுநாள் இடம் மாறிக்கொண்டார். ஒரு வாரம் முடிந்ததும் இவள் அள்ளிப் போட்ட தட்டை மேடமே தராசில் வைத்துப் பார்த்தார். நாற்பத்தாறு. "எண்ணெய் வேண்டாம், எலுமிச்சை கூட" என்று இவள் சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினாள். மேடம் தட்டில் ஒரு துணுக்கு மிஞ்சவில்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சீட்டு எண்ணெய்க்கறை ஏறி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. வெளியூர்க் கேன்டீன்காரர்கள்கூட வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள் என்று தம்பி சொல்வான். பேருந்து உதாரணம் தன்னுடையது என்பதையும் மறக்காமல் சொல்வான். அவனுக்கு இன்றைக்கும் ஐம்பத்தொன்றுதான்.

எனக்கு இருபத்திரண்டு. பச்சை இலை எனக்குப் பிடிக்காது. மரியாதைக்காக மென்று விழுங்குவேனே தவிர, பிடிக்காது என்று அவளிடம் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.